மறக்கத் தெரியாத மனிதன்

வயதாகிக்கொண்டிருப்பவர்களுக்கு நண்பர்கள் இரண்டு யோசனைகள் சொல்வது வழக்கம். காலையில் நடக்கச் சொல்வார்கள். மூளைக்கு ஏதாவது வேலை கொடுக்கச் சொல்வார்கள். நடக்கிற விஷயத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டாவது யோசனையைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கணக்கில் பிரியமுள்ளவர். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருகிற பை என்கிற எண்ணின் தசம ஸ்தானங்களை, தினம் பத்துப் பத்தாக நெட்டுருப் போட்டு வந்தார். அந்த எண்ணுக்கு முடிவும் கிடையாது, திரும்பத் திரும்ப வருகிற ஒழுங்கும் கிடையாது. ஆகையால் நெட்டுருப் போட அதைப்போல் தோதானது வேறு இல்லை என்பது அவர் கட்சி. "உடம்புக்குத் தண்டால் எப்படியோ, மனசுக்கு இது அப்படி ஸார். ஆறு மாசம் செய்து பாருங்கள். தீட்டின கத்தி மாதிரி ஆகிவிடும் ஞாபகம்" என்றார்.

நான் செய்து பார்த்தேன். வெறுமனே உருப்போட என்னால் முடியவில்லை. எனவே கிரேக்க, ரோமானியப் பிரசங்கிகள் கையாண்ட பழைய உபாயத்தைக் கைக்கொண்டேன். இதைப் பற்றி ஃபிரான்ஸஸ் யேட்ஸ் என்கிற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1966 இல் ஓர் அருமையான புஸ்தகம் எழுதியிருக்கிறார். நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டையோ தெருவையோ மனசில் நினைத்துக்கொண்டு, ஞாபகம் வைக்க வேண்டியவற்றையெல்லாம் உருவங்களாக்கி வாசல் வாசலாக நிறுத்திவிட வேண்டியது. பிறகு மனசுக்குள்ளேயே அந்தத் தெருவில் நடந்து போனால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொள்ளலாம். நான் கும்பகோணத்தில் வளர்ந்த தெருவை எடுத்துக்கொண்டேன். எண்களை இரண்டிரண்டாகப் பிரித்தேன். 14 வந்தால் வனவாசம் போகிற ராமன். முதல் வீட்டுத் திண்ணையில் அவனை உட்கார்த்தினேன். 15 வந்தால் சுதந்திர தினத்தன்று கொடியேற்றுகிற ஹெட்மாஸ்டர். அவருக்கு இரண்டாவது வீடு. 92 ஒரு தொண்டுக் கிழவி. 65 வந்தபோது, அறுபத்துமூவருக்கு மேல் இடம் கிடைக்காமல் வந்து நிற்கிற இரண்டு பேரைக் கற்பித்து, நாலாவது வீட்டுத் திண்ணையில் இருத்தினேன். மூன்று மாசத்தில் முந்நூறு ஸ்தானங்கள் வந்துவிட்டன. நண்பருக்குப் பரம சந்தோஷம்.

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுவது மட்டும் நிற்கவில்லை. அது போகட்டும். அந்தச் சமயம் ஒரு நாவலின் எட்டாவது அத்தியாயத்தில் இருந்தேன். அதில் அந்தத் தெரு வருகிறது. நாலாவது வீட்டுத் திண்ணையில் சாயங்கால வேளையில் ஓர் அத்தை வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்து, புருஷன் வீட்டில் தன்னை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்பதை முதல்முறையாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத உட்கார்ந்தேன். திண்ணையில் அந்த இரண்டு உபரி நாயன்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எழுப்ப முடியவில்லை. அத்தை வரவே இல்லை.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. மூன்று வாரம் அந்த அத்தியாயம் நகரவில்லை என்பது நிஜம். ஞாபகத்துக்கு அப்பியாசம் கொடுக்கப் போய், என் தொழிலுக்கு மூலதனமான ஒரு தெருவை அடகு வைத்துவிட்டேனோ என்கிற பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான், எத்தனையோ வருஷங்களுக்கு முன்பு படித்த ருஷ்யப் புஸ்தகம் ஒன்றை மறுபடியும் கையில் எடுத்தேன். அதற்குப் போகும் முன், அப்பியாசம் என்கிற வார்த்தையைக் கொஞ்சம் சோதித்துவிடலாம்.

ஞாபகசக்தி தசை மாதிரி, பழக்கினால் பலப்படும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். இதை முதலில் தம் மேலேயே சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் வில்லியம் ஜேம்ஸ் என்கிற அமெரிக்க மனோதத்துவ மேதை. நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸின் தமையன். விக்டர் ஹ்யூகோவின் நீண்ட கவிதை ஒன்றில் 158 வரிகளை எட்டு நாளில் மனப்பாடம் செய்தார். மொத்தம் ஏறக்குறைய 132 நிமிஷம் பிடித்தது. பிறகு 38 நாள், தினமும் இருபது நிமிஷம் போல ஒதுக்கி, மில்டனின் 'இழந்த சுவர்க்கம்' முதல் காண்டத்தை மனப்பாடம் செய்தார். இவ்வளவு அப்பியாசத்துக்கும் பிறகு, ஹ்யூகோவின் அதே கவிதையில் அடுத்த 158 வரிகளை எடுத்துக்கொண்டார். குறைந்த நேரத்தில் முடிந்திருக்க வேண்டும் அல்லவா? 151½ நிமிஷம் ஆயிற்று. அப்போது வேறு வேலைகளால் களைத்திருந்ததாகவும் அவர் நேர்மையாக ஒப்புக்கொள்கிறார். 1890 இல் வெளிவந்த அவருடைய மனோதத்துவ நூலில் இது இருக்கிறது. இயற்கையாக அமைந்த தாரணை சக்தி பழக்கத்தால் வளர்வதில்லை, வளர்வதெல்லாம் முறைதான் என்பது அவர் முடிவு.

1980 இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் மூவர் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு இன்னும் நல்ல சாட்சி. சாதாரணக் கல்லூரி மாணவன் ஒருவன்; ஒரு முறை கேட்டு ஏழு இலக்கங்களைத் திருப்பிச் சொல்லக்கூடியவன். அநேகமாக நாம் எல்லோரும் அவ்வளவுதான். இருபது மாசத்தில் 230 மணி நேரத்துக்கு மேல் பழகி, 79 இலக்கங்கள் வரை சொன்னான். பிரமாதம்தான். ஆனால் அவன் ஓட்டப் பந்தயக்காரன். 3492 என்று கேட்டால் அதை எண்ணாக அவன் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு மைலை மூன்று நிமிஷம் 49.2 விநாடியில் ஓடின ஓட்டமாக வைத்துக்கொண்டான். எண்களை விட்டுவிட்டு எழுத்துக்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பழையபடி ஆறு எழுத்துக்கு மேல் போகவில்லை. இத்தனை தண்டால் எடுத்தும் தோள் பருக்கவில்லை. தண்டால் எடுக்கத்தான் தெரிந்துகொண்டிருந்தான்.

இந்தத் துறையில் நம் நாட்டவரும் பேர் வாங்கியிருக்கிறார்கள். 1981 இல் ராஜன் மகாதேவன் என்பவர் மங்களூரில் பையின் 31,811 ஸ்தானங்களைப் பிழையில்லாமல் சொன்னார். பிறகு அவரை அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநில ஸர்வகலாசாலையில் வருஷக்கணக்கில் சோதித்தார்கள். எண்களில் அவருக்கு இணையில்லை. எண்கள் அல்லாத சில பரீட்சைகளில் அவர் சாதாரண மாணவர்களை மிஞ்சவில்லை. 2015 இல் வேலூரில், ராஜ்வீர் மீனா என்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் 70,000 ஸ்தானங்கள் சொல்லி முடித்தார். ஜப்பானில் அகிரா ஹராகுச்சி என்பவர் 2006 இல் பதினாறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து ஒரு லட்சம் ஸ்தானங்கள் வரை போனார். கின்னஸ்காரர்கள் அதைப் பதிவு செய்துகொள்ளவில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு ஸ்வாரஸ்யமான விஷயம், அவர் எண்களை ஜப்பானிய எழுத்துக்களின் ஓசைகளாக மாற்றி, அந்த ஓசைகளைக் கதைகளாக்கி வைத்துக்கொண்டதுதான். எண்களை எண்களாகவே வைத்துக்கொள்ள மனசு இடம் கொடுப்பதில்லை. ஓட்டமோ, கதையோ, தெருவோ ஒன்றைக் கேட்கிறது.

நம்முடைய அவதானக் கலையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். செய்குத்தம்பிப் பாவலர் 1907 இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியவர். முதுகில் விழுகிற கற்களை எண்ணிக்கொள்வது, மணியோசையை எண்ணிக்கொள்வது எல்லாம் அவதானத்தில் உண்டுதான். ஆனால் அதே சமயத்தில் ஒருவர் கேட்ட வெண்பாவுக்கு ஈற்றடி வைத்து முடிக்க வேண்டும். இன்னொருவர் கேட்கிற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். கல் எண்ணுவது அங்கே எடுபிடி வேலை, கவிதைதான் எஜமான். எடுபிடியே வீட்டை ஆள ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் சொன்ன ருஷ்யப் புஸ்தகம் சொல்கிறது.

அலெக்ஸாண்டர் லூரியா மாஸ்கோவைச் சேர்ந்த மனோதத்துவ நிபுணர். 1902 இல் பிறந்து 1977 இல் காலமானவர். 1968 இல் ருஷ்ய மொழியில் அவர் வெளியிட்ட புஸ்தகத்துக்கு, பெரிய ஞாபகசக்தியைப் பற்றி ஒரு சின்னப் புஸ்தகம் என்று அர்த்தம் வருகிற தலைப்பு. அதே வருஷத்தில் 'தி மைண்ட் ஆஃப் எ நெமோனிஸ்ட்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வந்தது. விஞ்ஞானப் புஸ்தகம் என்றுதான் நூல்நிலையங்களில் அடுக்கி வைத்திருப்பார்கள். இலக்கியம் என்று சொல்லத்தக்கது என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் காட்டவேண்டியது என் கடமை.

1920களில், முப்பது வயது நிரம்பாத ஒரு பத்திரிகை நிருபர் லூரியாவின் ஆராய்ச்சிச்சாலைக்கு வருகிறார். அவருடைய ஆசிரியர் அனுப்பியிருக்கிறார். காலையில் யார் யார் எங்கே போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று நீளமாக உத்தரவு போடும்போது மற்றவர்கள் குறித்துக்கொள்கிறார்கள், இவர் குறித்துக்கொள்வதில்லை. கண்டிக்கலாம் என்று கூப்பிட்டால், சொன்னதெல்லாம் அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறார். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பது நிருபருக்குப் புரியவில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருந்தார். லூரியா அவரை ஓர் எழுத்தால் மட்டும் குறிப்பிடுகிறார். ஷெரெஷெவ்ஸ்கி என்பது அவர் பெயர் என்று பிற்பாடு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

முப்பது, ஐம்பது, எழுபது என்று சொற்களையும் எண்களையும் கொடுத்துப் பார்க்கிறார் லூரியா. முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் சொல்கிறார் நிருபர். ஐம்பது எண்கள் உள்ள கட்டத்தை மூன்று நிமிஷத்துக்குள் பார்த்து வைத்துக்கொள்கிறார். பதினைந்து, பதினாறு வருஷத்துக்குப் பிறகு முன்னறிவிப்பில்லாமல் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்கு லூரியா எங்கே உட்கார்ந்திருந்தார், எந்த உடுப்பு போட்டிருந்தார் என்பதையெல்லாம் முதலில் பார்த்துக்கொண்டு, அப்புறம் பட்டியலைச் சொல்கிறார். இவருடைய ஞாபகத்துக்கு அளவு காண்பது எப்படி என்று ஆரம்பித்த லூரியா, அளவே இல்லை என்று கண்டு, கேள்வியையே மாற்றிக்கொள்கிறார். இப்படிப்பட்ட ஞாபகம் ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பது புதிய கேள்வி. விஞ்ஞானி இலக்கியாசிரியன் ஆகிற இடம் இதுதான்.

அந்த மனிதருக்கு ஓசைகளுக்கெல்லாம் நிறமும் ருசியும் ஸ்பரிசமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் கேட்டால் வாணவெடி மாதிரி இளஞ்சிவப்பாகத் தெரியும். உப்பில் ஊறின ஊறுகாயின் ருசி நாக்கில் வரும். எண்களோ அவருக்கு மனிதர்கள். ஒன்று கம்பீரமான ஆண்பிள்ளை, எட்டு மிகவும் தடித்த ஸ்திரீ, ஏழு மீசைக்காரன். 87 என்றால் தடித்த ஸ்திரீயும், மீசையை முறுக்குகிற ஆண்பிள்ளையும் ஜோடியாக நிற்பார்கள். என் ஹெட்மாஸ்டரையும் நாயன்மார்களையும் நான் கஷ்டப்பட்டுக் கற்பித்தேன். அவருக்கு அவர்கள் தாமாக வந்தார்கள். போகச் சொன்னாலும் போகாதவர்கள். அவரும் அவர்களை ஒரு தெருவில்தான் நிறுத்தினார். மாஸ்கோவின் கார்க்கித் தெருவில். எப்போதாவது ஒன்று விட்டுப் போனால், அது மறதி அல்ல. வெள்ளைச் சுவருக்கு முன்னால் முட்டையை வைத்துவிட்டேன், நடந்து போகும்போது கண்ணில் படவில்லை என்பார்.

இனி, புஸ்தகத்தில் என்னை மிகவும் உலுக்கிய இடத்துக்கு வருகிறேன். ஒரு நாள் லூரியா ஒரு கட்டத்தைக் கொடுக்கிறார். முதல் வரி 1, 2, 3, 4. இரண்டாவது வரி 2, 3, 4, 5. மூன்றாவது 3, 4, 5, 6. இப்படியே போகிறது. இதை ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒரு விநாடியில் கண்டுபிடித்துவிடும். நமது மேதை மற்றக் கட்டங்களுக்குப் பட்ட பாட்டையே இதற்கும் பட்டு, ஒவ்வொரு எண்ணையும் பார்த்துப் பார்த்து நிறுத்தி வைத்துக்கொண்டு, பிசகில்லாமல் ஒப்பித்தார். அதில் ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் கவனிக்கவே இல்லை!

இவர் கதை படித்தால் எப்படியிருக்கும்? லூரியா அதையும் சொல்கிறார். ஒவ்வொரு சொல்லும் ஓர் உருவத்தைக் கிளப்பிவிடுகிறது. அடுத்த சொல் அதற்கு ஒத்துவராத இன்னொன்றைக் கிளப்புகிறது. ஒரு வீடு வந்தால், அவர் சிறுவயதில் வாழ்ந்த வீடு வந்து நின்றுகொள்கிறது. ஆசிரியர் சொல்கிற மாடிப்படி அந்த வீட்டில் இல்லாததனால் தகராறு. உவமையோ உருவகமோ வந்தால் தலை சுற்றுகிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் தடுமாறுகிறார். புரியாத இத்தாலிய மொழியில் தாந்தேயின் வரிகளைக் கேட்டு அப்படியே வைத்துக்கொண்டவருக்கு, தாய்மொழியில் ஒரு கவிதையை அநுபவிக்க முடியவில்லை. முகங்கள் ஞாபகம் இருப்பதில்லை. அவை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிவிடுகின்றனவாம். நமக்கு முகம் ஒன்றாகத் தெரிவதற்குக் காரணமே, அதில் முக்கால்வாசியை நாம் மறந்துவிடுவதுதான் என்று இந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்குப் பட்டது.

நிருபர் வேலை நிலைக்கவில்லை. எத்தனையோ வேலை பார்த்துவிட்டு, கடைசியில் மேடையில் ஞாபக வித்தை காட்டுகிறார். ஓரே ராத்திரியில் பல காட்சிகள், ஒரே கரும்பலகை. முந்தின காட்சியில் எழுதிய எண்கள் இந்தக் காட்சியில் வந்து குறுக்கிடுகின்றன. அழிக்க வழி தேடுகிறார். மறக்க வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதுகிறார். நாமெல்லாம் ஞாபகத்துக்காக எழுதுகிறோம். இவர் மறப்பதற்காக எழுதுகிறார். எழுதியும் போகவில்லை. காகிதத்தைக் கொளுத்துகிறார். கருகின தாளிலும் எண்கள் தெரிகின்றன. பிறகு ஒரு நாள், வேண்டாம் என்று நினைத்தாலே அவை வருவதில்லை என்று தற்செயலாகக் கண்டுபிடித்துக் கொள்கிறார். ஒரு மனிதன் மறதியைத் தேடி அலைகிற இந்தச் சில பக்கங்களுக்கு ஈடாக நவீன நாவல்களில் அதிகம் இல்லை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இதை இலக்கியம் என்கிறேன். காரணம், லூரியா எதையும் நிரூபிக்க அவசரப்படவில்லை. அந்த மனிதரைப் பேசவிட்டு, தாம் ஒதுங்கி நிற்கிறார். வால்டர் பேட்டர் என்ற ஆங்கில ஆசிரியரின் 'கற்பனைச் சித்திரங்கள்' தமக்கு முன்மாதிரி என்றும், தம்முடையவை கற்பனையல்லாத சித்திரங்கள் என்றும் அவரே தம் சுயசரிதத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் குறையும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் விமரிசனம் இல்லை. அந்த மனிதருக்கு மனைவி உண்டு, ஒரு பிள்ளை உண்டு. அவர்களை அவர் ஒரு மூடுபனிக்கு ஊடே பார்ப்பதுபோலத்தான் பார்த்தார் என்று லூரியா குறிப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார். அந்த மனைவிக்கு அந்த வீட்டில் எப்படி இருந்தது? தன் கணவனுக்குத் தான் பேசினது எல்லாம் ஞாபகம் இருக்கும், தன் முகம் இருக்காது என்று தெரிந்த ஒரு ஸ்திரீ! நாவலாசிரியன் அங்கேயிருந்துதான் ஆரம்பிப்பான்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. 1920களிலிருந்து ஏறக்குறைய முப்பது வருஷம் லூரியா அவரைக் கவனித்தார். மாஸ்கோவில் அந்த முப்பது வருஷம் சாமானியமான காலம் அல்ல. 1937 இல் நேற்றுவரை பழகிய சிநேகிதரின் பெயரை இன்றைக்கு மறந்துவிடுவது எத்தனையோ பேருக்கு உயிர்க்கவசமாக இருந்தது. அந்த ஊரில், அந்தக் காலத்தில், மறக்கத் தெரியாத ஒரு மனிதன் இருந்தான். புஸ்தகத்தில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 1968 இல் மாஸ்கோவில் வெளியான புஸ்தகத்தில் இருக்கவும் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் வாசகனுக்கு அந்த மௌனம் காதில் விழாமல் இருப்பதில்லை.

இந்த இடத்தில் ஹோர்ஹே லூயி போர்ஹேயின் 'ஃபூனெஸ்' கதையை நினைக்காமல் இருக்க முடியாது. அர்ஜென்டினா எழுத்தாளரான அவர் இதை 1942 இல் வெளியிட்டார். லூரியாவின் புஸ்தகம் வர இன்னும் 26 வருஷம் இருந்தது. உருகுவே நாட்டில் ஃப்ரே பென்டோஸ் என்கிற ஊரில் ஒரு பையன். குதிரையிலிருந்து விழுந்து கால்கள் முடங்கி, எதையும் மறக்க முடியாதவனாகிவிடுகிறான். அவனும் எண்களை எண்களாக விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தனிப் பெயர் வைத்து, இருபத்து நாலாயிரம் வரை போகிறான். எண்ணும் முறை என்பதற்கே இது விரோதம் என்று கதை சொல்கிறவர் எடுத்துச் சொல்லியும் அவனுக்குப் புரியவில்லை. 1, 2, 3, 4 என்ற ஒழுங்கைக் காணாத மாஸ்கோ மனிதரும் இந்தப் பையனும் கூடப் பிறந்தவர்கள். கண்ணால் காணாததைக் கற்பனையால் இவ்வளவு சரியாகத் தொட்டுவிட்ட சாதனை அபூர்வம்தான்.

ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் லூரியாதான் எனக்குக் கனமாகப் படுகிறார். போர்ஹே தம் பையனை இருட்டறையில் படுக்கவைத்து, இருபத்தொரு வயதில் சாகடித்துவிடுகிறார். அது கதைக்குச் சௌகரியம். தூக்கமின்மைக்கு இந்தக் கதை ஓர் உருவகம் என்று அவரே எழுதியிருக்கிறார். லூரியாவின் மனிதருக்கு அப்படி விடுதலை கிடைக்கவில்லை. அவர் வேலை தேடவேண்டும், குடும்பம் நடத்தவேண்டும், ராத்திரி மேடையேற வேண்டும். ஏதோ ஒரு பெரிய காரியம் தமக்காகக் காத்திருக்கிறது, இப்போது நடப்பதெல்லாம் தாற்காலிகம் என்று எண்ணிக்கொண்டே அவருடைய ஆயுள் கழிந்துபோகிறது. எல்லாம் ஞாபகம் இருந்தவர் கடைசி வரையில் ஒன்றும் எழுதவில்லை.

எழுதியவர் வேறொருவர். லூரியாவே அவரைப் பற்றியும் ஒரு புஸ்தகம் எழுதியிருக்கிறார். 1972 இல் ஆங்கிலத்தில் வந்தது. 'சிதறிய உலகத்து மனிதன்' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். ஸஸெட்ஸ்கி என்கிற இளைஞர் 1943 இல் ஸ்மாலென்ஸ்க் அருகே நடந்த சண்டையில் மண்டையில் குண்டு பாய்ந்தவர். படிக்கத் தெரிந்தது போயிற்று. பார்வையில் வலதுபாதி போயிற்று. சொற்கள் போயின, சுற்றியிருக்கிற சாமான்களின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. கையைத் தூக்காமல் ஒரே மூச்சில் எழுதினால் எழுத்து வந்துவிடுகிறது என்று ஒரு நாள் தெரிகிறது. ஆனால் எழுதியதைத் தம்மாலேயே சரியாகப் படிக்க முடியவில்லை. ஒரு சொல்லுக்காகப் பல மணி நேரம் காத்திருந்து, சில வாக்கியங்களுக்கு ஒரு நாளைச் செலவழித்து, இருபத்தைந்து வருஷத்தில் மூவாயிரம் பக்கம் எழுதினார் அந்த மனிதர். தம் வாழ்க்கையைத் திரும்பக் கட்டிக்கொள்வதற்காக எழுதினார்.

ஒருவருக்கு எல்லாம் இருந்தது, தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. இன்னொருவருக்கு ஒன்றுமில்லை, துண்டு துண்டாகக் கிடைத்ததைத் தேடித் தேடிச் சேர்த்தார். எங்கள் தொழிலுக்கு இவர்களில் யார் உறவு என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. கும்பகோணத்துத் தெருவில் எத்தனை வீடு இருந்தது என்பதை நான் அநேகமாக மறந்துவிட்டேன். அத்தையின் குரல் மட்டும் எங்கேயோ கிடக்கிறது. அதைத் தேடுகிற சிரமம் இல்லாமல், தெரு முழுவதும் ஒரு வீடு விடாமல் எனக்கு அகப்பட்டிருந்தால், நான் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

எண்களை உருப்போடுகிறவர்களைக் குறைத்துப் பேச வேண்டும் என்பது என் நோக்கம் அல்ல. சீட்டாட்டம்போல, மலையேற்றம்போல அதுவும் ஒரு பொழுது. பந்தயம் வைத்து ஜெயித்தால் சந்தோஷம்தான். 70,000 ஸ்தானங்கள் சொன்னவருடைய விடாமுயற்சிக்கு நான் தலைவணங்குகிறேன். மனசு வளரும் என்று சொல்லி விற்காமல் இருந்தால் போதும்.

வங்கி நண்பர் போன வாரம் வந்திருந்தார். ஆயிரத்தைத் தாண்டிவிட்டாராம். "உங்களுக்கு எவ்வளவு ஆயிற்று ஸார்?" என்று கேட்டார். விட்டுவிட்டேன் என்றேன். அவருக்கு வருத்தம். தினம் இருபது நிமிஷம் எண்களுக்கு ஒதுக்குகிறவர், அதே இருபது நிமிஷத்தில் லூரியாவின் இரண்டு புஸ்தகங்களையும் ஒரு மாசத்துக்குள் படித்துவிடலாம் என்று சொல்லி, என் பிரதிகளைக் கொடுத்தனுப்பினேன். இரண்டுமே சிறிய புஸ்தகங்கள்.

முந்நூறு ஸ்தானங்களில் இப்போது எனக்கு முப்பதுகூட ஒழுங்காக வருவதில்லை. ஹெட்மாஸ்டர் இரண்டாவது வீட்டை எப்போதோ காலி செய்துவிட்டார். நாயன்மார்கள் இரண்டு பேரும் கொஞ்சம் பிடிவாதக்காரர்கள். சென்ற மாசம்தான் எழுந்து போனார்கள். எட்டாவது அத்தியாயத்தில் அத்தை திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.